வைத்தியசாலையில் இறந்த குழந்தை, கூண்டில் நிற்கும் தாதி: மருத்துவச் சான்றை எடைபோட ஒரு முழுமையான வழிகாட்டி

போன மாதம் கல்லடியில் ஒரு 31ஆம் நாள் வீட்டில் இருந்தபோது பேச்சு எப்படியோ இங்கிலாந்துத் தாதி லூசி லெட்பியின் வழக்குக்குப் போய்விட்டது. லண்டனிலிருந்து லீவில் வந்திருந்த தங்கச்சி முறையான ஒருத்தி, "ஏழு பிள்ளைகளைக் கொன்றவள் அண்ணா, கோட்டே சொல்லிற்று, இனி என்ன கதை" என்றாள். இங்கே முதிராக் குழந்தைகள் பிரிவில் தாதியாக இருக்கும் என் மருமகள் சோற்றுத் தட்டைக் கையில் வைத்தபடியே, "மாமா, அந்த இன்சுலின் ரெஸ்ட்ட நம்மட வாட்டில கூட ரெண்டாந்தரம் பாக்காம நம்ப மாட்டம்" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, மெதுவாக, "நாளைக்கு என்ட நைட்டில மூணு பிள்ள போனா என்னையும் இப்பிடித்தான் பேசுவாங்க" என்றாள். அவள் முகம் இரண்டு நாளாக என் கண்ணை விட்டுப் போகவில்லை, அதனால்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

நான் டொக்டரும் இல்லை, சட்டத்தரணியும் இல்லை. கிழக்கில் நீதிமன்ற மொழிபெயர்ப்பாளராக, ஆட்கள் கூப்பிடுவதுபோல் முதலியாராக, 26 வருடம் வேலை செய்தவன். இங்கிலிஷில் எழுதிய பிரேத பரிசோதனை அறிக்கையையும் சிங்களத்தில் எழுதிய பொலிஸ் அறிக்கையையும் பெற்றோருக்குத் தமிழில் சொல்லிச் சொல்லியே என் காலம் போனது. எந்தச் சொல்லில் ஆட்கள் வழுக்கி விழுவார்கள் என்பது எனக்குத் தெரியும். சரி, ஒவ்வொரு படியாகப் பார்ப்போம்.

முதல் படி: யார் என்று கேட்காதீர்கள், என்ன நடந்தது என்று கேளுங்கள்

இதுதான் எல்லாவற்றையும்விடப் பெரியது, மற்றப் படிகள் எல்லாம் இதிலிருந்துதான் கிளைக்கின்றன. சாதாரணக் கொலை வழக்கில் கொலை நடந்தது தெரிந்துவிடும், உடம்பில் வெட்டு இருக்கும், வெட்டினது யார் என்பதுதான் கேள்வி. வைத்தியசாலையில் இறந்த குழந்தை விசயத்தில் அப்படி இல்லை. அங்கே முதலில் தீர்க்க வேண்டியது கொலை என்று ஒன்று நடந்ததா என்பதே. 28 வாரத்தில் பிறந்து, ஒரு கிலோ கூட இல்லாத பிள்ளை, கிருமி வந்தும் இறக்கலாம், மூளையில் இரத்தம் கசிந்தும் இறக்கலாம், குடல் அழுகியும் இறக்கலாம், மூச்சுக் குழாயைத் தவறான இடத்தில் விட்டதாலும் இறக்கலாம், டொக்டர் வரப் பிந்தியதாலும் இறக்கலாம். யாரோ வேண்டுமென்று செய்ததாலும் இறக்கலாம். அதையும் தள்ளிவிட முடியாது: இங்கிலாந்தில் கிரந்தம் என்ற ஊரில் 1991இல் சிறுவர் வாட்டில் நான்கு பிள்ளைகளைக் கொன்றதற்காக பெவர்லி அலிட் என்ற தாதி 1993இல் தண்டிக்கப்பட்டார். ஆக, நடக்காத விசயம் இல்லை. ஆனால் ஒவ்வொரு மரணத்தையும் அதன் பாட்டுக்கு, தனியாக, யாருடைய பெயரும் காதில் விழாமல், இந்தப் பட்டியல் முழுவதிலும் வைத்துப் பார்க்க வேண்டும். பெயர் அறைக்குள் வந்துவிட்டால் பிறகு எல்லாக் காகிதமும் அந்தப் பெயரைத்தான் வாசிக்கும்.

ஒரு விசாரணையில் சட்ட வைத்திய அதிகாரி மரணக் காரணம் 'அன்அசர்டெய்ன்ட்' என்று எழுதியிருந்தார். நான் "கண்டறியப்படவில்லை" என்று சொன்னேன். இறந்த பிள்ளையின் அம்மம்மா உடனே எழுந்து, "கண்டறியல்லையா, மறைக்கிறீங்களா?" என்று கத்தினார். அந்தச் சொல்லுக்கு மறைத்தல் என்ற அர்த்தமும் கிடையாது, கொலை என்ற அர்த்தமும் கிடையாது, இயற்கை மரணம் என்றும் அர்த்தம் கிடையாது. இருக்கிற தடயத்தை வைத்து ஒரு பக்கமும் சொல்ல முடியவில்லை என்பது மட்டும்தான். அன்றைக்கு இதை அவருக்கு விளங்கப்படுத்த எனக்கு நேரம் தரவில்லை, இன்றைக்கும் அது என் மனதில் குத்துகிறது.

லெட்பி வழக்கின் சுருக்கம்

இங்கிலாந்தில் செஸ்டர் நகரத்து வைத்தியசாலையில், பச்சிளம் குழந்தைகள் பிரிவில், 2015 ஜூன் முதல் 2016 ஜூன் வரை வழமையைவிட அதிகமாகப் பிள்ளைகள் இறந்தன, சில திடீரென்று மோசமாகின. அங்கே வேலை செய்த லூசி லெட்பி மீது வழக்கு. மான்செஸ்டரில் 2022 அக்டோபரில் தொடங்கிய விசாரணை 2023 ஓகஸ்டில் முடிந்தது: ஏழு குழந்தைகளைக் கொன்றதற்கும் இன்னும் ஆறு குழந்தைகளைக் கொல்ல முயன்றதற்கும் குற்றவாளி. சில குற்றச்சாட்டுகளில் ஜூரி ஒரு முடிவுக்கு வரவில்லை, இரண்டில் விடுவித்தது. 2024 ஜூலையில் இன்னொரு பிள்ளை தொடர்பாகவும் குற்றவாளி என்றார்கள். சாகும்வரை சிறை. மேன்முறையீட்டுக்கு அனுமதி கேட்டு 2024இல் இரண்டு தரம் போய் இரண்டு தரமும் மறுக்கப்பட்டது. 2025 பெப்ரவரியில் கனடாவின் ஓய்வுபெற்ற குழந்தை வைத்தியர் ஷூ லீ தலைமையில் பல நாட்டு நிபுணர்கள் 14 பேர், கொலைக்கான மருத்துவச் சான்று எதையும் தாங்கள் காணவில்லை, இயற்கைக் காரணமும் சிகிச்சைக் குறைபாடும்தான் தெரிகிறது என்று பகிரங்கமாகச் சொன்னார்கள். வழக்கை மறுபடி பார்க்கச் சொல்லி அந்நாட்டின் மீளாய்வு ஆணைக்குழுவுக்கு விண்ணப்பமும் போயிருக்கிறது. தீர்ப்பு தீர்ப்பாகவே நிற்கிறது. அவள் செய்தாளா இல்லையா என்று நான் இங்கே சொல்லப் போவதில்லை, அந்த 31ஆம் நாள் வீட்டிலும் சொல்லவில்லை.

இரண்டாம் படி: காகிதங்களை மணி வாரியாக அடுக்குங்கள்

நம்மூரில் பிஎச்டி (பெட் ஹெட் டிக்கெட்) என்போம், கட்டில் தலைமாட்டில் தொங்குகிற அந்த ஃபைல். அதற்குள் டொக்டரின் குறிப்பு, தாதியின் குறிப்பு, காய்ச்சல் அட்டவணை, மருந்து அட்டவணை, சேலைன் கணக்கு, இரத்தப் பரிசோதனை, எக்ஸ்ரே எல்லாம் ஒன்றாகக் கிடக்கும், ஒன்றோடொன்று ஒத்துப் போகாது. ஒரு அப்பியாசக் கொப்பியை எடுங்கள். இடது பக்கம் மணி, நடுவில் நடந்தது, வலது பக்கம் இதை யார் எப்போது எழுதினார் என்று. அந்த மூன்றாவது வரிசைதான் உயிர்.

ஒரு ஃபைலை நான் கையில் வைத்து மொழிபெயர்த்தது நன்றாக நினைவிருக்கிறது. இரவு 2.10க்குப் பிள்ளை நீலமாகியது என்று நீல மையில் இருந்தது. அதற்குக் கீழே கறுப்பு மையில் 2.40 டொக்டர் வந்தார், அதற்கும் கீழே மறுபடி நீல மையில் 2.25 ஒட்சிசன் கூட்டப்பட்டது. குறுக்கு விசாரணையில் வெளிவந்தது என்னவென்றால், நீல மை வரிகள் இரண்டுமே காலை ஆறு மணிக்கு, டியூட்டி மாறுகிற நேரம், ஞாபகத்தில் எழுதப்பட்டவை. அந்தத் தாதி பொய் சொல்லவில்லை. பிள்ளையைக் காப்பாற்ற ஓடும்போது யார் பேனா பிடிப்பார்? ஆனால் அந்த 2.10 என்பது மணிக்கூடு காட்டிய 2.10 இல்லை, நான்கு மணித்தியாலம் கழித்து ஒரு களைத்த மனம் நினைத்த 2.10. கொலை வழக்கில் பதினைந்து நிமிடம் ஒருவரைக் கூண்டுக்குள் தள்ளவும் போதும், வெளியே எடுக்கவும் போதும்.

மெஷின் சொன்ன நேரம் என்றாலும் கண்ணை மூடி நம்பாதீர்கள். செஸ்டர் வழக்கில் வாட்டுக் கதவு அட்டைப் பதிவில் உள்ளே போனதும் வெளியே வந்ததும் மாறிப் பதிவாகியிருந்தது முதல் விசாரணைக்குப் பிறகுதான் ஒத்துக்கொள்ளப்பட்டது.

மூன்றாம் படி: பிரேத பரிசோதனை எதைச் சொல்லும், எதைச் சொல்லாது

சில மரணங்களை உடம்பு சொல்லும்: நுரையீரலில் கிருமி, குடலில் துளை, ஈரலில் காயம். சிலதைச் சொல்லாது. தலையணையால் மூச்சை அடைத்த பிள்ளையும் தூக்கத்தில் காரணமில்லாமல் போன பிள்ளையும் மேசையில் ஒரே மாதிரிக் கிடக்கும். இரத்தக் குழாயில் காற்று இருந்தால் யாரோ ஊசியால் ஏற்றினார்கள் என்று சிலர் நினைக்கிறார்கள். உயிர்காப்பு முயற்சியில் நெஞ்சை அழுத்தும்போதும் காற்றுப் போகலாம், இறந்த பிறகு உடம்பிலேயே வாயு உண்டாவதும் வழமை. ஆகவே 'காற்று இருந்தது' என்பதோடு நிறுத்தாமல், இறந்து எவ்வளவு நேரத்துக்குப் பிறகு எடுத்த படம், எவ்வளவு நேரம் நெஞ்சை அழுத்தினார்கள் என்றும் கேட்க வேண்டும்.

மருந்தின் அளவும் அப்படித்தான். இதயத்துக்குக் கொடுக்கும் டிகொக்சின் இறந்த பிறகு தசையிலிருந்து கசிந்து இரத்தத்தில் கூடும், ஆகவே பிரேதத்தில் கண்ட எண் உயிரோடு இருந்தபோதிருந்த எண் ஆகாது. பச்சிளம் குழந்தைகளின் உடம்பு தானாகவே டிகொக்சின் மாதிரி ஒரு பொருளை உண்டாக்கும், சில பரிசோதனைகள் அதையும் டிகொக்சின் என்றே காட்டும் என்பது 1980களில்தான் தெரியவந்தது. அதற்குள் கனடாவில் டொரொன்டோ சிறுவர் வைத்தியசாலையில் சூசன் நெல்லஸ் என்ற தாதியை 1981இல் கைது செய்துவிட்டார்கள். வழக்குக்குப் போதிய சான்று இல்லை என்று 1982இல் ஆரம்ப விசாரணையிலேயே அவர் விடுவிக்கப்பட்டார்.

நம் பக்கத்தில் இன்னொரு கஷ்டம் இருக்கிறது. காத்தான்குடியிலோ ஏறாவூரிலோ சம்மாந்துறையிலோ ஜனாஸாவை அன்றைக்கே அடக்க வேண்டும், நம் ஆட்களும் பச்சைப் பிள்ளையை வெட்ட விடமாட்டார்கள், "போனது போயிட்டு, உடம்பையாவது முழுசாத் தாங்க" என்பார்கள். அந்த வேதனையை நான் நேரில் பார்த்தவன், குறை சொல்ல வாய் வராது. ஆனால் அன்றைக்கு எடுக்காத தடயம் பிறகு எங்கேயும் கிடைக்காது என்பதை யாராவது ஒருவர், அன்பாக, அந்த இடத்தில் சொல்ல வேண்டும். செஸ்டரில் பல குழந்தைகளின் முதல் பிரேத பரிசோதனையில் சந்தேகம் எதுவும் எழுதப்படவில்லை. கொலை என்ற முடிவு பிறகு வந்தது, உடம்பைப் பார்த்து வரவில்லை, காகிதத்தைப் பார்த்து வந்தது. அப்படி வரக்கூடாது என்று சட்டம் இல்லை. ஆனால் அப்படி வந்த முடிவுக்கு எடை குறைத்துத்தான் வைக்க வேண்டும்.

நான்காம் படி: ஆய்வுகூட எண்ணைக் கண்டு பயப்படாதீர்கள்

இன்சுலின் விசயம்தான் லெட்பி வழக்கில் பலரையும் அசைத்தது, என்னையும் அசைத்தது. விளக்கம் லேசானது. நம் உடம்பு இன்சுலினை உண்டாக்கும்போது சி-பெப்டைட் என்ற இன்னொரு துண்டையும் அதே அளவில் விடும், அது இரத்தத்தில் இன்சுலினைவிட நேரம் தங்கும். ஆகவே வழமையாக சி-பெப்டைட் கூடவும் இன்சுலின் குறையவும் இருக்கும். மருந்துப் போத்தலில் வரும் இன்சுலினோடு சி-பெப்டைட் வராது. ஒரு குழந்தையின் இரத்தத்தில் இன்சுலின் 4657, சி-பெப்டைட் 169க்கும் கீழே. வெளியிலிருந்து யாரோ கொடுத்தார்கள் என்றது அரச தரப்பு. லெட்பியே சாட்சிக் கூண்டில், யாரோ கொடுத்திருக்கிறார்கள் என்றால் அது நானில்லை என்றுதான் சொன்னார்.

இப்போது மறு பக்கம். அந்தப் பரிசோதனை உடலெதிரிகளைக் கொண்டு அளக்கும் வகை. வெளியிலிருந்து கொடுத்த இன்சுலினைக் கண்டுபிடிக்க இது போதாது, சந்தேகம் என்றால் வேறு விசேட ஆய்வுகூடத்துக்கு அனுப்பு என்று அந்த ஆய்வுகூடத்தின் வழிகாட்டலிலேயே இருந்தது. இரத்தம் அப்படி அனுப்பப்படவில்லை. இதனால் அந்த எண் பொய் என்று ஆகிவிடாது. வாசலைக் காட்டிய சோதனை ஒன்று, உள்ளே போய்ப் பார்த்த சோதனை இன்னொன்று, நம்மிடம் முதலாவது மட்டும்தான் இருக்கிறது. முதலாவதுக்கு எவ்வளவு எடை என்பதில்தான் நிபுணர்கள் இன்றைக்கும் பிரிந்து நிற்கிறார்கள்.

ஆகவே எந்த ஆய்வுகூட எண் வந்தாலும் கேளுங்கள்: இது வைத்தியம் செய்வதற்கான பரிசோதனையா, குற்றத்தை நிரூபிப்பதற்கான பரிசோதனையா? உறுதிப்படுத்தும் இரண்டாவது சோதனை செய்தார்களா? மாதிரி மிச்சம் இருக்கிறதா? எடுத்ததிலிருந்து மெஷினுக்குப் போகும்வரை யார் யார் கையில், எந்த வெப்பத்தில் இருந்தது? இரத்தம் சிதைந்தால் இன்சுலின் எண் மாறும். ஐஸ் போடாமல் பொத்துவிலில் இருந்து கல்முனைக்கு மீன் கொண்டுவந்தால் என்ன ஆகும் என்று நமக்கு யாரும் சொல்லித்தரத் தேவையில்லை. இங்கே நஞ்சு, இரசாயனச் சோதனைக்கு மாதிரிகள் பத்தரமுல்லையில் இருக்கும் அரச இரசாயனப் பகுப்பாய்வாளர் திணைக்களத்துக்குப் போகின்றன. சீல் இலக்கம், ஒப்படைத்த திகதி, பெற்ற திகதி இந்த மூன்றும் அறிக்கையில் ஒத்துப்போகிறதா என்று பாருங்கள்.

ஐந்தாம் படி: நிபுணரிடம் ஆதாரத்தைக் கேளுங்கள்

நம் சட்டத்தில் இதற்கு இடம் இருக்கிறது. 1895ஆம் ஆண்டின் 14ஆம் இலக்கச் சாட்சியக் கட்டளைச் சட்டத்தின் 45ஆம் பிரிவு நிபுணரின் அபிப்பிராயத்தை ஏற்கலாம் என்கிறது, 51ஆம் பிரிவு அந்த அபிப்பிராயத்துக்கான காரணங்களும் பொருத்தமானவை என்கிறது. காரணம் சொல்லாத அபிப்பிராயம், எவ்வளவு பெரிய டொக்டர் சொன்னாலும், வெறும் அபிப்பிராயம்தான்.

அவர் துறை என்ன? முதிராப் பிள்ளையின் நோயியல் வேறு, பொதுக் குழந்தை வைத்தியம் வேறு. கடைசியாக எப்போது வாட்டில் நின்றார்? பொலிஸ் யாரைச் சந்தேகிக்கிறது என்று தெரிந்த பிறகு ஃபைலைப் பார்த்தாரா, தெரியாமல் பார்த்தாரா? அவருடைய முடிவு பிழை என்றால் எந்தத் தடயம் அதைக் காட்டும்? கடைசிக் கேள்விக்குப் பதில் இல்லாத நிபுணரை நான் நம்பமாட்டேன். நேரில் எத்தனையோ பேரைப் பார்த்திருக்கிறேன். நல்ல வைத்தியர்கள், "இது இருந்திருந்தால் என் முடிவு மாறியிருக்கும்" என்று தாங்களாகவே சொல்லிவிடுவார்கள்.

ஆய்வுக் கட்டுரையைக் கொண்டுவந்தால் கட்டுரையையே பாருங்கள். ஷூ லீயும் இன்னொருவரும் 1989இல் எழுதிய கட்டுரையில், இரத்தக் குழாய்க்குள் காற்றுப் புகுந்த பச்சிளம் குழந்தைகள் 53 பேரைப் பற்றி இருந்தது. அதில் பத்தில் ஒரு பங்கு அளவில்தான் தோலில் நிறமாற்றம். நீலமான உடம்பில் இளஞ்சிவப்பு இரத்தக் குழாய்கள் தெரிவதுதான் அவர்கள் தனியாகக் குறித்த அடையாளம். செஸ்டரில் வைத்தியர்களும் தாதிகளும் நினைவுகூர்ந்த திட்டுகளும் புள்ளிகளும் இதற்குள் அடங்கும், ஆகவே யாரோ காற்றை ஏற்றியிருக்கிறார்கள் என்றது அரச தரப்பு, அடங்காது என்கிறார் கட்டுரையை எழுதியவரே. மேன்முறையீட்டு நீதிமன்றம், தோல் நிறம் மட்டும் வைத்து வழக்கு நடக்கவில்லை, மற்றச் சான்றுகளோடு சேர்த்துத்தான் சொன்னார்கள் என்று பதில் சொன்னது. இரண்டையும் மனதில் வையுங்கள்.

ஆறாம் படி: டியூட்டி அட்டவணையும் கோடியில் ஒன்றும்

இதில் கொஞ்சம் நின்று பார்ப்போம், ஏனென்றால் படித்தவர்களே இங்கேதான் விழுகிறார்கள்.

செஸ்டர் வழக்கில் ஜூரிக்கு ஒரு அட்டவணை காட்டினார்கள். 25 சம்பவம் ஒரு பக்கம், 38 தாதிகள் மறு பக்கம், லெட்பியின் வரிசையில் மட்டும் எல்லாக் கட்டத்திலும் அடையாளம். பார்த்தால் நெஞ்சு திடுக்கிடும். ஆனால் அந்த 25ஐத் தேர்ந்தது யார், எப்படி? அவள் இல்லாத நாளில் மோசமான பிள்ளைகள், அதே காலத்தில் அதே பிரிவில் இறந்து வழக்கில் சேர்க்கப்படாத பிள்ளைகள், இவர்களின் கட்டம் எங்கே? மரத்திலிருந்து தேங்காய் விழுந்த பிறகு அதைச் சுற்றி வட்டம் கீறிவிட்டு, பார் சரியாக வட்டத்துக்குள் விழுந்திருக்கிறது என்றால் யாராவது ஒத்துக்கொள்வார்களா? வட்டத்தை முதலில் கீறுங்கள். எது சந்தேகச் சம்பவம் என்பதை, யார் டியூட்டி என்று தெரியாத ஆட்கள், முழு ஃபைல்களையும் பார்த்து முடிவு செய்யட்டும். பிறகு அட்டவணை போடுங்கள். பிரித்தானிய ராயல் புள்ளிவிவரச் சங்கம் 2022 செப்டெம்பரில், அந்த விசாரணை தொடங்குவதற்குக் கொஞ்ச நாள் முன்பு, இந்த வகை வழக்குகளுக்காகவே வெளியிட்ட அறிக்கையிலும் இந்த மாதிரிப் பக்கச்சார்பைப் பற்றித்தான் எச்சரித்தது.

இன்னொன்று. கடல் கொந்தளிக்கிற நாளில் கைதேர்ந்த ஆளைத்தான் தோணி எடுக்கச் சொல்வோம். பிறகு கணக்குப் பார்த்து, இவன் போன நாளில்தான் தோணி அதிகம் கவிழ்ந்தது என்றால்? லெட்பி தீவிர சிகிச்சைப் பயிற்சி பெற்றவர், மேலதிக டியூட்டி எடுத்தவர், ஆகவே மிக மோசமான பிள்ளைகள் அவர் கைக்குத்தான் வந்தன. இதுவும் நிரபராதி என்பதற்கு அத்தாட்சி ஆகாது, ஆனால் கணக்கில் சேர்க்காமல் விட்டால் கணக்கே பிழை.

இப்போது பெரிய எண்கள். நெதர்லாந்தில் லூசியா டி பேர்க் என்ற தாதி. இத்தனை சம்பவத்திலும் தற்செயலாக அவர் டியூட்டியில் இருக்க வாய்ப்பு 34 கோடியே 20 லட்சத்தில் ஒன்று என்று நீதிமன்றத்தில் சொன்னார்கள். 2003இல் ஆயுள் சிறை. பிறகு வேறு புள்ளிவிவர வல்லுநர்கள் கணக்கை முறையாகப் போட்டபோது அந்த எண் சில பத்துகளில் ஒன்று என்ற அளவுக்கு இறங்கிவிட்டது. மருத்துவச் சான்றையும் மறுபடி பார்த்தார்கள், கொலை என்று நினைத்த மரணங்கள் இயற்கை மரணங்களாகத் தெரிந்தன. 2010 ஏப்ரலில் குற்றமற்றவர் என்று தீர்ப்பு. ஆறு வருடத்துக்கு மேல் உள்ளே இருந்தார், உள்ளே இருக்கும்போதே அவருக்குப் பக்கவாதம் வந்தது.

இங்கிலாந்தில் சாலி கிளார்க் ஒரு தாய். அவருடைய இரண்டு ஆண் குழந்தைகள் 1996இலும் 1998இலும் இறந்தார்கள். இப்படிப்பட்ட குடும்பத்தில் காரணம் தெரியாத குழந்தை மரணம் 8543இல் ஒன்று, இரண்டு என்றால் அதை அதாலேயே பெருக்கு, 7 கோடியே 30 லட்சத்தில் ஒன்று என்றார் பேராசிரியர் ரோய் மெடோ. 1999இல் அந்தத் தாய் குற்றவாளி. பிழை எங்கே? ஒரே கிணற்றில் தண்ணீர் குடிக்கும் இரண்டு பேருக்கு வயிற்றோட்டம் வந்தால் தனித்தனி வாய்ப்பைப் பெருக்குவோமா? ஒரே தாய் தகப்பனின் இரண்டு பிள்ளைகளுக்குப் பரம்பரையும் ஒன்று, வீடும் ஒன்று. இரண்டாவது பிழை இன்னும் ஆழமானது. இரண்டு பிள்ளை இயற்கையாக இறப்பது அரிது, சரி. ஒரு தாய் இரண்டு பிள்ளைகளைக் கொல்வது அதைவிடக் கூடவா நடக்கிறது? இரண்டு அரிதானதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துத்தான் எடைபோட வேண்டும், ஒன்றை மட்டும் தட்டில் வைத்தால் தராசு சாயத்தான் செய்யும். இரண்டாவது பிள்ளையின் உடம்பில் கிருமி இருந்ததைக் காட்டிய ஆய்வு முடிவு எதிர்த்தரப்புக்குக் கொடுக்கப்படாமல் கிடந்தது பிறகு தெரியவந்து, 2003 ஜனவரியில் அவரை விட்டார்கள். 2007இல் அவர் இறந்துவிட்டார். இதை எழுதும்போதும் எனக்குக் கை நடுங்குகிறது: இரண்டு பிள்ளைகளைப் புதைத்த ஒருத்தியை நாம் சிறையில் போட்டோம், அதுவும் ஒரு பெருக்கல் கணக்கால்.

ஏழாம் படி: டயரியும் துண்டுக் காகிதமும் கடைசியில்

லெட்பி வீட்டில் 'நான் பாவி, நான்தான் செய்தேன்' என்ற பொருளில் எழுதிய துண்டுக் காகிதம் கிடைத்தது. அதே காகிதத்தில் 'நான் எந்தப் பிழையும் செய்யவில்லை' என்றும் இருந்தது. லூசியா டி பேர்க் டயரியில் தன் 'அடக்க முடியாத பழக்கம்' பற்றி எழுதியிருந்தார், கொலையைத்தான் சொல்கிறார் என்றது அரச தரப்பு, சீட்டுப் போட்டுக் குறி பார்ப்பதைச் சொன்னேன் என்றார் அவர். அவுஸ்திரேலியாவில் கத்லீன் ஃபொல்பிக் நான்கு பிள்ளைகளை இழந்தவர். டயரி வரிகளையும் வைத்து 2003இல் தண்டித்தார்கள். பிறகு இரண்டு பெண் பிள்ளைகளுக்கு இதயத்துடிப்பைக் குழப்பக்கூடிய மரபணு மாற்றம் இருந்தது தெரியவந்து, 2023 ஜூனில் மன்னிப்பும் டிசெம்பரில் தண்டனை நீக்கமும் கிடைத்தன.

பிள்ளை போன தாய் "நான்தான் கொன்டுட்டன்" என்று மார்பில் அடித்து அழுவதை நம் ஊரில் கேட்காதவர் யார்? அதைப் பொலிஸ் எழுதி, நான் இங்கிலிஷில் மொழிபெயர்த்தால் அது ஒப்புதல் வாக்குமூலம் மாதிரியே இருக்கும். ஆகவே காகிதத் துண்டைக் கடைசியாக எடுங்கள். மருத்துவச் சான்று தனியாக நின்று கொலை என்று காட்டினால் அதற்குப் பிறகு இதற்கு எடை உண்டு. அது நிற்காத இடத்தில் இதை முட்டுக் கொடுக்க வைக்காதீர்கள்.

எட்டாம் படி: எதிர்ப்பக்கத்துக்கும் அதே தராசு

ஷூ லீயின் 14 பேர் சொன்னது மனதுக்கு இதமாக இருக்கலாம், ஆனால் அவர்கள் சொன்னது ஊடகச் சந்திப்பில், சத்தியம் செய்து குறுக்கு விசாரணைக்கு முகம் கொடுத்து இல்லை. அவர்கள் எந்த ஃபைலைப் பார்த்தார்கள், ஒவ்வொரு பிள்ளைக்கும் சொன்ன மாற்றுக் காரணம் அந்தப் பிள்ளையின் கிருமிச் சோதனையோடும் எக்ஸ்ரேயோடும் ஒத்துப்போகிறதா என்று அதே கண்டிப்போடு கேட்க வேண்டும். அந்த வாட்டில் ஆள் பற்றாக்குறை இருந்தது என்பது வைத்தியசாலை அழைத்த பரிசீலனையிலேயே 2016இல் வந்தது, கழிவுநீர்க் குழாய்ப் பிரச்சினை பற்றிக் குழாய் வேலைக்காரர் சாட்சி சொன்னார். ஆனாலும் 'வாட்டு மோசம்' என்பதால் 'இந்தப் பிள்ளை அதனால்தான் இறந்தது' என்று தாவ முடியாது. பிள்ளை வாரியாகத்தான் காட்ட வேண்டும். பெற்றோர் பக்கத்தையும் மறக்காதீர்கள், ஒவ்வொரு புதுச் செய்தியும் அவர்களின் புண்ணை மறுபடி கிளறுகிறது.

உங்கள் வீட்டில் நடந்தால்

மட்டக்களப்போ அம்பாறையோ, ஒரு பிள்ளை வைத்தியசாலையில் சந்தேகமாக இறந்தால் முதல் நாளே செய்ய வேண்டியவை இருக்கின்றன. 1979ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின்படி திடீர் மரண விசாரணை அதிகாரி விசாரிப்பார், சந்தேகம் என்றால் பொலிஸில் முறைப்பாடு செய்து நீதவானின் கவனத்துக்குக் கொண்டுவரலாம். பிரேத பரிசோதனையைச் சட்ட வைத்திய அதிகாரியே செய்யட்டும் என்று கேளுங்கள். ஜனாஸா அவசரம் என்றால் அதையும் சொல்லுங்கள், பெரும்பாலானவர்கள் புரிந்துகொண்டு விரைவாகச் செய்து தருவார்கள். திசு மாதிரியும் இரத்த மாதிரியும் எடுத்து வைக்கப்படுகிறதா என்று கேளுங்கள். நஞ்சுக்கொடி இன்னும் வைத்தியசாலையில் இருந்தால் அதை வெளியே எறியவோ புதைக்கவோ விடாமல் சோதிக்கச் சொல்லுங்கள். பிறந்து சில நாளில் இறந்த பிள்ளையின் கதை பாதி அதில்தான் இருக்கும், யாரும் அதைக் கேட்பதே இல்லை. பிஎச்டியின் பிரதி வேண்டும் என்று பணிப்பாளருக்கு எழுத்தில் கொடுங்கள், 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டமும் ஒரு வழி. எந்தத் தாதி மிஸ்ஸின் பெயரையும் பேஸ்புக்கில் போடாதீர்கள். அவர் செய்யவில்லை என்றால் அது அநியாயம், செய்திருந்தால் வழக்கையே நீங்கள் கெடுத்தவர்கள் ஆவீர்கள்.

அப்புறம் கொப்பி. திருக்கோவில் பக்கத்திலிருந்து வந்த ஒரு தாயை நினைக்கிறேன், மெலிந்த பிள்ளை, இருபத்திரண்டு வயது இருக்கும். கிளினிக் அட்டைக்குள் மடித்து வைத்திருந்த சிட்டை ஒன்றை நீதவானிடம் நீட்டினாள். பிள்ளைக்குப் பக்கத்தில் இருந்த மூன்று நாளும் கைத்தொலைபேசியில் மணி பார்த்துப் பார்த்து எழுதியது: 'காலை 9.15 பால் குடிக்கல்ல. 11.40 உடம்பு சூடு, மிஸ்ஸிட்ட சொன்னேன். 12.05 திரும்பச் சொன்னேன். 3.20 பிள்ள முனகுது.' சட்ட வைத்திய அதிகாரி அதை வாங்கித் தன் கண்ணாடியை உயர்த்திவிட்டு இரண்டு தரம் வாசித்தார், பிறகு பிஎச்டியைத் திறந்து 11.40ஐத் தேடினார். அந்தப் பக்கத்தில் 11.40 இல்லை. கிருமி பரவியது எப்போது தொடங்கியிருக்கும் என்பதற்கு அன்றைக்கு அந்த அறையில் இருந்த ஒரே மணிக்கணக்கு அவளுடைய சிட்டைதான், நான் அதை ஒரு சொல் விடாமல் இங்கிலிஷில் சொன்னேன், பதிவாளர் ஒரு சொல் விடாமல் எழுதிக்கொண்டார்.